கடிகாரம் செய்த இயந்திரங்களை அருங்காட்சியகத்தில் பார்ப்பது எப்படி?

கடிகார அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் தங்கப் பெட்டிகளும் எனாமல் ஓவியங்களும் நிறைந்த கண்ணாடிப் பேழைகளின் முன்னே நெடுநேரம் நிற்கிறார்கள். அவற்றைச் செய்து முடித்த கருவிகளும் இயந்திரங்களும் வைக்கப்பட்டிருக்கும் அறையை மட்டும் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரம் அசையாமல் நிற்கிறது. விளக்கப் பலகை பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இருக்கிறது. எது எதைச் செய்தது என்று ஊகிக்கவும் வழியில்லை. அந்த அறையில் ஒரு மணி நேரத்தைப் பயனுள்ள முறையில் கழிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை முதன்முறை செல்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியையும் அமெரிக்காவின் வால்தம் நகரையும் முதன்மை எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழிலைத் திசைதிருப்பிய போட்டி இவ்விரண்டு இடங்களுக்கும் இடையேதான் நடந்தது.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே பயணத்தில் அதிகம் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் லா ஷோ-த-ஃபோன், லெ லோக்ல் ஆகிய இரட்டை நகரங்களுக்குச் செல்லலாம். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விரு நகரங்களுக்கும் இடையே ரயிலில் சில நிமிடப் பயணமே ஆகும். கடிகாரத் தொழிலுக்கென்றே வகுக்கப்பட்ட நகர அமைப்புக்காக 2009இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. லா ஷோ-த-ஃபோனில் 1974இல் திறக்கப்பட்ட, பெரும்பகுதி நிலத்தடியில் அமைந்த பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. லெ லோக்லில் குன்றின்மேல் நிற்கும் ஷாத்தோ தே மோன் மாளிகை இன்னோர் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன் தெருவில் சற்று நடந்து, பழைய கட்டடங்களில் வரிசையாக அமைந்த சன்னல்களைப் பாருங்கள். 1794இல் பெருந்தீயில் அழிந்த பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சம் கிடைக்கும்படி நேர்த் தெருக்களாக மீண்டும் எழுப்பப்பட்ட ஊர் லா ஷோ-த-ஃபோன். கடிகார வேலைக்கு வெளிச்சமே முதல் கருவி என்பதால், இந்தச் சன்னல்களையும் கருவிப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

தொழிற்சாலை இயந்திரங்களை மட்டும் பார்க்க விரும்புபவர்களுக்கு வேறு இடங்கள் பொருந்தும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில், 1814ஆம் ஆண்டுப் பஞ்சாலைக் கட்டடம் ஒன்றில் அமைந்த சார்ல்ஸ் ரிவர் தொழில் அருங்காட்சியகத்தில் வால்தம் கடிகார நிறுவனத்தின் இயந்திரங்கள் உள்ளன. ஜெர்மனியின் ஷ்வெனிங்கனில், பழைய ப்யூர்க் கடிகாரத் தொழிற்சாலைக்குள்ளேயே அமைந்த கடிகாரத் தொழில் அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்கள் ஓட்டிக் காட்டப்படுகின்றன. தானியங்கிக் கடைசல் இயந்திரங்களுக்கென்றே சுவிட்சர்லாந்தின் மூட்டியே நகரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள பட்டேக் ஃபிலிப் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்திலும் பழைய கருவிகளும் வேலைமேசைகளும் உள்ளன. இவற்றில் எங்கே சென்றாலும் இயந்திரங்களை ஓட்டிக்காட்டும் நாளும் நேரமும் எவை என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். நின்றுகொண்டிருக்கும் பத்து இயந்திரங்களைப் பார்ப்பதைவிட ஓடும் ஒன்றைப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுதல்

எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும், செய்யப்படும் பொருளை அது எங்கே, எப்படிப் பிடிக்கிறது, அளவு எங்கிருந்து வருகிறது, விசை எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். வெட்டும் உளியைத் தேடிப் போகாதீர்கள்; அது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதே எனக்கு முதன்மையானதாகப் படுகிறது. ஒரு பல்சக்கரத்துக்கு எத்தனை பல், இரண்டு சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், ஓர் அச்சின் முனை எவ்வளவு மெல்லியது என்பவை முதலில் தொழிலாளியின் விரலிலும் கண்ணிலும் இருந்தன. பிறகு பித்தளைத் தட்டுக்கும், மூலத் தகட்டுக்கும், கடைசியாகக் கேம் எனப்படும், விளிம்பின் மேடு பள்ளத்தால் உளியை நகர்த்தும் சுழலும் எஃகுத் தட்டுக்கும் இடம்பெயர்ந்தன. அருங்காட்சியக அறை முழுவதும் இந்த இடப்பெயர்ச்சியின் பதிவுதான்.

விசையைக் கண்டுபிடிப்பது எளிது. கப்பியில் குறுகிய வி-வடிவப் பள்ளம் இருந்தால் நரம்புக் கயிறும் கைச்சக்கரமும், அல்லது மிதியும் இயக்கியிருக்கும். அகலமான தட்டைக் கப்பி இருந்தால், தொழிற்சாலைக் கூரையடியில் ஓடிய நீண்ட தண்டிலிருந்து தோல் பட்டை இறங்கி வந்திருக்கும். கப்பியே இல்லாமல் இரண்டு கூர்முனைகள் மட்டும் எதிரெதிரே நின்றால், அது வில்லால் இயக்கப்பட்ட சிறு கடைசல் கருவி.

மூன்றாம் படி: கைக்கருவிகளிலிருந்து தொடங்குதல்

பெரிய இயந்திரங்களை நோக்கி ஓடாமல் முதலில் அந்தச் சிறு வில் கடைசல் கருவியின் முன் நில்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் இதைப் பிடிபலகையில் இறுக்கி, அச்சின் மேல் மாட்டிய சிறு கப்பியில் குதிரைமயிர் வில்லைச் சுற்றி, ஒரு கையால் வில்லை இழுத்தபடி மறு கையால் உளியைப் பிடித்து வேலை செய்தார்கள். நம் ஊரில் கயிற்றை மாறிமாறி இழுத்து மரம் கடைந்த கடைசல்காரர்களின் முறையும் இதுவே. வில் ஒரு திசையில் போகும்போது மட்டும் உளி வெட்டும். திரும்பும்போது அதை இழையளவு விலக்கிக்கொள்ள வேண்டும். இங்கே முனைகள் இரண்டும் அசையாமல் நிற்க, பொருள் மட்டுமே சுழல்கிறது என்பதைக் கவனியுங்கள். சுழலும் தண்டும் அதன் தேய்மானமும் இல்லாததால் அவற்றால் வரும் கோணலும் இல்லை. கால்மிதி லேத்துகள் வந்த பிறகும் பல கைவினைஞர்கள் இதைக் கைவிடாததற்குக் காரணம் பழக்கம் மட்டும் அன்று, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட, கடிகார ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முனைகளை இதில் நம்பிக் கடையலாம்.

அடுத்துத் தேட வேண்டியது, சக்கரங்களின் இடைத்தூரத்தைக் காணும் கருவி. கீல் வைத்து இணைத்த இரண்டு பித்தளைச் சட்டங்களும், அவற்றினூடே வழுக்கிச் செல்லும் நான்கு எஃகு ஊசிகளும், இடையே ஒரு திருகாணியும் கொண்டது அது. ஒரு பக்கத்து ஊசிகளுக்கு இடையே பெரிய சக்கரத்தையும், மறு பக்கத்தில் அது ஓட்டப்போகும் சிறு பல்லாழியையும் நிறுத்தி, திருகாணியால் நெருக்கியும் விலக்கியும் விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். பல் உரசாமலும் தளராமலும் ஓடும் தூரம் விரலுக்குத் தெரிந்தவுடன், ஊசிகளின் கூர்மையான வெளிமுனைகளையே கவராயமாகக் கொண்டு அந்தத் தூரத்தைத் தகட்டின்மேல் கீறுவார்கள். எண் எங்கும் எழுதப்படவில்லை. அளவு விரலில் பிறந்து ஒரு கீறலில் முடிகிறது. இப்படிச் செய்யப்பட்ட ஒரு கடிகாரத்தின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்ட முடியாமல் போனதன் காரணம் இந்தக் கருவியைப் பார்த்தால் விளங்கும்.

நான்காம் படி: பல்வெட்டும் இயந்திரத்தின் முன் நெடுநேரம் நிற்றல்

புதியவர்கள் நேரம் செலவிட வேண்டிய ஒரே இயந்திரத்தைச் சொல் என்றால் பல்வெட்டும் இயந்திரத்தைத்தான் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே புழக்கத்தில் உள்ள இதன் உயிர்நிலை, கீழே கிடைமட்டமாக இருக்கும் வட்டமான பித்தளைத் தட்டு. அந்தத் தட்டின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களில் நுண்துளைகள் இடப்பட்டிருக்கும்; ஒவ்வொரு வளையத்தின் அருகிலும் அதிலுள்ள துளைகளின் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். வெட்டப்போகும் சக்கரத்தைத் தட்டின் மைய அச்சின் மேல்முனையில் பொருத்தி, தேவையான பல் எண்ணிக்கைக்குரிய வளையத்தில் வில்கம்பியோடு கூடிய முள்ளை இறக்கி, சுழலும் வெட்டுச் சக்கரத்தை ஒரு முறை தாழ்த்தி உயர்த்துவார்கள். பிறகு முள்ளை எடுத்து அடுத்த துளையில் இறக்கினால் அடுத்த பல்லின் இடம் தானாக வந்துவிடும். 60 துளை வளையத்தில் ஒன்று விட்டு ஒன்றாக இறக்கினால் 30 பல் கிடைக்கும். ஆகவே வளையங்கள் எல்லா எண்களுக்கும் தேவைப்படுவதில்லை.

இங்கே கண்ணாடியை ஒட்டிக் குனிந்து துளைகளின் விளிம்பைப் பாருங்கள். அடிக்கடி பயன்பட்ட வளையங்களில் விளிம்புகள் மழுங்கிப் பளபளப்பாகவும், அரிதாகப் பயன்பட்டவற்றில் கூராகவும் மங்கலாகவும் இருக்கலாம். அந்தப் பட்டறை பெரும்பாலும் எந்தச் சக்கரங்களைச் செய்தது என்பதைச் சொல்ல விளக்கப் பலகை தேவையில்லை.

இதன் அருகிலேயே பெரும்பாலும் பல்லை உருட்டித் திருத்தும் இயந்திரமும் இருக்கும். பிரெஞ்சுப் பலகைகளில் அதன் பெயர் மஷீன் ஆ அரோந்தீர். வெட்டிய பல்லின் நுனி சதுரமாக இருக்குமாதலால் அதை வளைவாக்க வேண்டும். இதில் துளைத் தட்டைத் தேடினால் கிடைக்காது. வெட்டுச் சக்கரத்தின் சுற்றில் ஒரு பகுதி மட்டுமே வெட்டும். மீதிப் பகுதியில் சற்று வளைத்து நிறுத்தப்பட்ட மெல்லிய வழிகாட்டி, சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல் தள்ளிவிடும். செய்யப்படும் சக்கரமே இங்கே அளவைத் தருகிறது என்பது இதன் சாமர்த்தியம். முன்பே தவறாகப் பிரிக்கப்பட்ட சக்கரத்தை இது சரிசெய்யாது என்பது அதன் எல்லை.

சுருள்வில்லின் விசையைச் சமப்படுத்தும், ஃப்யூசி எனப்படும் கூம்பு வடிவ உருளையில் சுருள் பள்ளம் வெட்டும் இயந்திரம் கண்ணுக்கு மிகவும் அழகானது. எனினும் புதியவர்கள் அதை மேலோட்டமாகப் பார்த்துக் கடந்து செல்லலாம். அந்தப் பள்ளத்தில் சுற்றப்படும் நுண்சங்கிலியைத்தான் தவறவிடக் கூடாது. இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெண்களும் சிறுமிகளும் கையச்சால் கண்ணி வெட்டி, கண் வலிக்கக் கோத்துச் செய்த சங்கிலிகள் அவை. அவ்வூர் ரெட் ஹவுஸ் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் ஏழைகளுக்கான பணிமனையாக இருந்த கட்டடத்திலேயே அமைந்திருக்கிறது. இயந்திரம் நுழையாத வேலை யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்காவிட்டால் பயணம் பாதிதான்.

ஐந்தாம் படி: அளவு தொழிற்சாலைக்குள் போன விதத்தைப் பின்தொடர்தல்

1839இல் ஜெனீவாவின் வஷெரோன் கான்ஸ்டான்டின் நிறுவனத்தில் பணியில் சேர்ந்த ஜார்ஜ்-ஒகுஸ்த் லெஷோ, சக்கரங்களின் இடைத்தூரத்தை விரலால் கண்டு தகட்டில் கீறும் முறைக்கு மாற்று கண்டவர்களில் முதன்மையானவர். அவர் அமைத்த பான்டோகிராஃப் இயந்திரத்தில், துளைகளின் இடம் ஒரு பெரிய மூலத் தகட்டில் ஒரு முறை மட்டும் மிகக் கவனமாகக் குறிக்கப்படும். தொடுகோல் மூலத் தகட்டின் துளையில் அமரும்போது, நெம்புகோல்களின் வழியே துளையிடும் கருவி கடிகாரத் தகட்டின்மேல் சிறிதாக்கப்பட்ட இடத்தில் அமரும். பத்துக்கு ஒன்று என்ற விகிதம் என்று வைத்துக்கொண்டால், மூலத்தில் 0.1 மில்லிமீட்டர் பிசகியது கடிகாரத்தில் 0.01 ஆகக் குறைந்துவிடும். விரல் கண்டுபிடித்த இடைத்தூரம் இப்போது எஃகுத் தகட்டில் குடியேறிவிட்டது. எத்தனை கடிகாரங்கள் செய்தாலும் அது மாறாது. இத்தகைய இயந்திரத்தைக் கண்டால் மூலத் தகடு எது, வேலைத் தகடு எது என்று முதலில் பிரித்தறியுங்கள். மற்றவை தாமே புரியும்.

இதே எண்ணத்தை அமெரிக்கர்கள் ஆலை முழுவதற்கும் விரித்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் துப்பாக்கிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாகச் செய்யப்படுவதைக் கண்ட ஆரோன் டென்னிசன், எட்வர்டு ஹோவர்டுடன் சேர்ந்து 1850இல் ராக்ஸ்பரியில் தொடங்கிய நிறுவனம் 1854இல் வால்தமுக்கு இடம்மாறியது. 1857இல் திவாலாகிக் கைமாறிய பிறகே நிலைபெற்றது. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் தானாகத் திருகாணி செய்யும் இயந்திரத்தை வால்தம் நிறுவனம் ஓட்டிக் காட்டியபோது, நடுவர் குழுவில் இருந்த சுவிஸ் நாட்டவரான எடுவார் ஃபாவ்ர்-பெரே அதிர்ந்துபோய்த் தாய்நாட்டுக்கு எச்சரிக்கை விடுத்தார். லாஞ்ஜின் நிறுவனத்தின் ஷாக் டாவிட் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள ஆலைகளின் முறைகளை விரிவாக எழுதி 1877இன் தொடக்கத்தில் அறிக்கை அளித்தார். இந்த வரலாறு தெரிந்திருந்தால், அருங்காட்சியகங்களில் 1880க்குப் பிந்தைய சுவிஸ் இயந்திரங்களின் உருவம் ஏன் திடீரென மாறுகிறது என்பது விளங்கும். வளைவுகளும் பூவேலையும் கொண்ட பித்தளைச் சட்டங்கள் மறைந்து, வண்ணம் பூசிய வார்ப்பிரும்பு உடல்கள் வருகின்றன.

சுவிட்சர்லாந்து தந்த மறுமொழிகளில் மிகவும் தனித்தன்மை உடையது, 1870களில் யாக்கோப் ஷ்வைட்சர் வடிவமைத்த நகரும் தலைக் கடைசல் இயந்திரம். வழக்கமான லேத்தில் பொருள் ஓரிடத்தில் சுழல, உளி அதன் நீளத்தில் நகரும். நீண்ட மெல்லிய கம்பியாக இருந்தால் உளியின் அழுத்தத்தில் அது வளைந்துவிடும். இதிலோ கம்பியைப் பிடித்த தலையே முன்னும் பின்னும் நகர்கிறது. கம்பி ஒரு வழிகாட்டித் துளையின் வழியே வெளிவர, உளிகள் அந்தத் துளையை ஒட்டியே விசிறிபோல் நின்று வெட்டுகின்றன. வளைவதற்குக் கம்பிக்கு இடமே கிடைப்பதில்லை. பின்புறத் தண்டில் வரிசையாக நிற்கும் கேம்களைத் தவறாமல் பாருங்கள். ஒவ்வொரு கேமின் மேடு பள்ளமும் ஓர் உளி எப்போது நெருங்க வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதைச் சொல்கிறது. தண்டு ஒரு முறை சுழன்றால் ஒரு திருகாணியோ ஓர் அச்சோ எண்ணெய்த் தொட்டியில் விழும். மூட்டியே அருங்காட்சியகத்தில் டோர்னோஸ், பீட்டர்மன், பெஹ்லர் என்னும் பெயர்களைத் தாங்கிய இவ்வகை இயந்திரங்களைக் காணலாம்.

ஆறாம் படி: பெயர்த்தகட்டைச் சந்தேகத்தோடு படித்தல்

பெயர்த்தகடு இயந்திரம் எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே வேலை செய்தது என்பதைச் சொல்லாது. ஒஹாயோவின் கேன்டன் நகரில் இருந்த டியூபர்-ஹாம்ப்டன் ஆலை நொடித்துப்போன பிறகு, அதன் இயந்திரங்களைச் சோவியத் அரசு வாங்கி 28 ரயில் பெட்டிகள் நிறைய ஏற்றிச் சென்றது. பழைய தொழிலாளர்கள் 21 பேரும் உடன் சென்று கற்றுக்கொடுக்க, 1930இல் மாஸ்கோவில் முதல் அரசுக் கடிகார ஆலை உருவாயிற்று. ஆகவே தகட்டோடு நிறுத்தாமல், பின்னர் இடப்பட்ட துளைகள், மோட்டார் பொருத்துவதற்காக வெட்டப்பட்ட பாகங்கள், வேறு மொழியில் குத்தப்பட்ட எண்கள் ஆகியவற்றையும் தேடுங்கள்.

பலகைகளில் லீன்ய் (ligne) என்ற அளவு வந்தால் திகைக்க வேண்டாம். அது பழைய பிரெஞ்சு அங்குலத்தின் 12இல் ஒரு பங்கு, அதாவது 2.256 மில்லிமீட்டர், கடிகார உட்பொறியின் விட்டத்தை இன்றும் அதிலேயே சொல்கிறார்கள். எபோஷ் என்றால் இன்னும் முடிக்கப்படாத உட்பொறித் தகடும் சக்கரங்களும் சேர்ந்த தொகுதி. கிய்யோஷே என்பது முகப்பில் அலைக்கோடு வரையும் செதுக்கல். அந்த இயந்திரங்களில் கோட்டின் வடிவத்தை ரோஜா இதழ் போன்ற எஃகுத் தட்டு தர, அழுத்தத்தை மட்டும் கை தருகிறது. நூறாண்டு பழைய கிய்யோஷே இயந்திரங்கள் இன்றும் சில பட்டறைகளில் வேலை செய்கின்றன.

ஏழாம் படி: நடைமுறை

பத்து மடங்கு உருப்பெருக்கியை எடுத்துச் செல்லுங்கள்; கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கும்போது அது ஏறத்தாழ ஓர் அங்குல தூரத்துக்கு மேல் உதவாது என்பதால், கைப்பேசியின் உருப்பெருக்கும் வசதியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்கச் சில தனியார் அருங்காட்சியகங்கள் அனுமதிப்பதில்லை. நுழைவாயிலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அனுமதித்தாலும் முதலில் ஒரு தாளில் இயந்திரத்தைக் கோட்டுருவமாக வரைந்து, பொருள் நிற்கும் இடத்தையும் அளவு வரும் இடத்தையும் விசை நுழையும் இடத்தையும் குறியுங்கள். வரைய முடியாத இயந்திரம் இன்னும் புரியாத இயந்திரம். அதைப் பற்றித்தான் பணியாளரிடம் கேட்க வேண்டும். "இது எவ்வளவு பழையது?" என்பதைவிட "இதில் எந்தப் பாகம் முதலில் தேயும்?" என்று கேட்டுப் பாருங்கள், ஓட்டிக்காட்டுபவர் பழைய இயந்திரத் தொழிலாளியாக இருந்துவிட்டால், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தப் பலகையிலும் இருக்காது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துப் பயண நாளை முடிவு செய்யுங்கள்.

அவ்வளவு தூரம் போக இயலாத தமிழ் வாசகர்கள் பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய மையத்திலிருந்து தொடங்கலாம். 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இயந்திரங்கள் செய்ய உருவான அரசு நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜூராவில் கடிகாரத்துக்காக இயந்திரங்கள் பிறந்தன. இங்கே இயந்திரம் செய்தவர்கள் பின்னர் கடிகாரத்துக்கு வந்தார்கள். காலை நேரத்தில் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும். ஒரு கடிகாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள எந்தப் பாகத்தை எந்த வகை இயந்திரம் செய்திருக்கும் என்று மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு பொருத்திப் பாருங்கள்.